பட்டாளத்து மாமா பேசினார்

பூதப்பாண்டி

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த செய்தி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல்லு. இங்கே பேச்சிப்பாறை அணை திறந்து சானலில் தண்ணீர் வந்துவிட்டது, கன்னிப்பூ நெல் நடவு முடியப்போகிறது. தெற்குப் பத்தில் இன்னும் சில வயல்களை மண்ணடித்து மனையாக்கிவிட்டார்கள். அதை எழுதத் தொடங்கினால் கடிதம் முழுக்க அதுவாகிவிடும், விடு.

பட்டாளத்து மாமாவைக் கேட்டிருந்தாய். நல்ல சுகம். வயது 78. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி இன்றைக்கும் விடியுமுன் மண்வெட்டியோடு மடையில் நிற்கிறார். குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தால், 'பிள்ளைகள் நல்லா படிக்கணும்' என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவாரே, அந்த மனுசன் போன வாரம் பேசினார் மக்கா. என் மகன் என்.சி.சி.யில் சேர்ந்திருக்கிறான். அவன்தான், 'தாத்தா, நாட்டுக்காகத்தானே பட்டாளத்துக்குப் போனீங்க?' என்று கேட்டான். மாமா யோசிக்கவே இல்லை. 'ஒத்தி மீட்கப் போனேன் பிள்ளே' என்றார்.

மூத்த அக்காள் கல்யாணத்துக்காக அரைக் கோட்டை விதைப்பாடு வயல் ஒத்தியில், அதாவது கடனுக்கு ஈடாக அடுத்தவன் கையில், போயிருந்தது. அது அரிசிப் பஞ்சக் காலம். 1966-இல் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றிருக்கிறார். வெலிங்டனில் பயிற்சி. நம் ஊரில் மார்கழிக் காற்றுக்கே துண்டைப் போர்த்துகிறவர், நீலகிரிக் குளிரில் விடியற்காலம் ஓடியிருக்கிறார். பிறகு 16-ஆம் மதராஸ் பட்டாலியன். பழைய திருவிதாங்கூர் ராஜாவின் படையாக இருந்து இந்திய ராணுவத்தோடு சேர்ந்ததுதான் அது. மாதாமாதம் மணியார்டர் வரும். லீவு போடும்போதெல்லாம் அறுப்புக் காலம் பார்த்துத்தான் போடுவாராம். யூனிபாரத்தைக் கழற்றி மாட்டிவிட்டு நேரே களத்துக்கு வந்துவிடுவார் என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1971 டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தானோடு யுத்தம் தொடங்கியது. இவர்கள் படை நின்றது மேற்கே, ஷகர்கட் பக்கம். 15-ஆம் தேதி ராத்திரி பசந்தர் ஆற்றைத் தாண்டி அக்கரையைப் பிடிக்க வேண்டும். இவர்களும் 3-ஆம் கிரனேடியர்ஸ் என்ற இன்னொரு காலாட்படையும் முன்னால் நடக்க வேண்டும். அந்தத் தரை முழுக்க மைன், கண்ணிவெடி, புதைத்திருந்தது. 'டாங்கிக்கு வச்சது மனுசன் கனத்துக்கு வெடிக்காது. ஆனா ஆளுக்குன்னு வச்சதும் இடையில கிடக்கும். எது எங்கன கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? முன்னால போறவன் கால் வச்ச இடத்துல வச்சு வச்சுப் போனோம்.' இதைச் சொல்லும்போது தன்னை அறியாமல் திண்ணைத் தரையில் கால் பெருவிரலை மெதுவாக ஊன்றி ஊன்றிக் காட்டினார். நாற்று நட்ட வயலில், நட்டதை மிதிக்காமல் இறங்குகிற அதே நடை. என்னால் வேறெதையும் பார்க்க முடியவில்லை.

பின்னால் டாங்கி வருவதற்கு என்ஜினியர்கள் மைன்களை அகற்றி வழி உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். வழி முடிவதற்குள் எதிரி டாங்கிகளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. பூனா ஹார்ஸ் என்ற நம் டாங்கிப் படையினர் காத்திருக்காமல், முழுசாகச் சுத்தம் செய்யாத தரையிலேயே வண்டியை விட்டு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் அங்கேதான் அருண் கேத்ரபால் இறந்தார், 21 வயது, பரம்வீர் சக்கரம் கொடுத்தார்களே, அவர். 'அந்தப் பையன் வண்டி எதுன்னு அப்போ எங்களுக்குத் தெரியாது. அவங்க வரலேன்னா நான் இங்கன உட்கார்ந்து பேச மாட்டேன்' என்றார். அதே 16-ஆம் தேதிதான் டாக்காவில் சரணாகதி. இவர்களுக்குச் சண்டை நின்றது 17-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு.

அடுத்த நாள் காலை பக்கத்துக் கிராமத்துக்குள் போயிருக்கிறார்கள். சனம் எல்லாம் ஓடிப்போய்விட்டது. ஒரு தொழுவத்தில் எருமை ஒன்று கட்டிய கயிற்றோடு கதறிக்கொண்டு நின்றதாம். கன்று இல்லை. மடி கல் மாதிரி வீங்கி, காம்பைத் தொட்டாலே உதைக்கிறது. மாமா துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முதுகைத் தடவிக்கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரால் மடியைக் கழுவி, முதல் பாலைத் தரையில் பீய்ச்சிவிட்டு, பிறகு மெஸ் டின்னில் கறந்திருக்கிறார். அன்றைக்கு அந்த செக்ஷனுக்கே பால் சாயா. கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் வெளியே வந்தாராம். வாசலுக்கு வெளியே கோதுமை ஒரு சாண் முளைத்து நின்றிருக்கிறது, நடுவில் டாங்கிச் சக்கரம் ஓடிய தடம். 'விதைச்சவனுக்கு வயிறு எப்படி எரியும், சொல்லு' என்று என் மகனிடம் கேட்டார். அவன் பேசாமல் இருந்தான். பிடித்த நிலம் சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பப் போய்விட்டது. அதில் மாமாவுக்கு வருத்தமே கிடையாது. அவனவன் வயல் அவனவனுக்கு என்கிறார்.

பதினைந்து வருஷ சர்வீஸ் முடித்து 1981-இல் வந்தார், அதற்கு முன்பே ஒத்தி மீட்டாகிவிட்டது. அப்புறம் உள்ளது உனக்கே தெரியும். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்த மறுநாள் தன் வாழை அத்தனையும் மடங்கிக் கிடக்க, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இளவட்டப் பிள்ளைகளைக் கூட்டி ரோட்டில் விழுந்த மரங்களை வெட்டி நீக்கியவர். அவரைப் பென்ஷன்காரர், கேன்டீன் கோட்டாக்காரர் என்று மட்டும் பார்த்து ஊர் இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. இப்போது தினமும் சாயங்காலம் போனில் பதிவு செய்கிறேன்.

உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். அந்த ராத்திரி மாமாவுக்கு முன்னால் நடந்தவர் திரும்பி வரவில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர் என்று மட்டும் நினைவிருக்கிறது, ஊர்ப்பெயர் மறந்துபோய்விட்டது. வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் மாமாவுக்கு இத்தனை வருஷமாக உள்ள குறை. அந்தச் சமயத்தில் உன் அப்பாவுக்கு எழுதிய இன்லண்ட் கடிதத்தில் அவரைப் பற்றி எழுதியதாகச் சொல்கிறார். அனுப்புநர் இடத்தில் 56 ஏ.பி.ஓ. என்று பட்டாளத் தபால் முகவரி இருக்கும். உன் அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கொஞ்சம் பார். கிடைத்தால் உடனே போட்டோ எடுத்து அனுப்பு, ஊர்ப்பெயர் தெரிந்ததும் நான் மாமாவைக் காரில் கூட்டிப் போகிறேன். அறுப்புக்கு நீயும் வந்தால் மூன்று பேருமாகப் போகலாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்