கருவியை மட்டும் அனுப்பாதீர்கள்: மேற்கு ஆப்பிரிக்க ஆய்வகங்களிலிருந்து நன்கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஆய்வகக் கருவிகளை வழங்கும் நன்கொடை அமைப்புகளுக்கும், அவற்றைக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளும் சுகாதார அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சியரா லியோனில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்கு அண்மையில் ரத்த அணுக்களை எண்ணும் புத்தம் புதிய ஹேமடாலஜி அனலைசர் ஒன்று வந்து இறங்கியது. பெட்டிக்குள் கருவி, மின்கம்பி, ஒரு கேன் டைலூயன்ட் (ரத்தத்தை நீர்க்கச் செய்யும் கரைசல்), ஒரு பாட்டில் லைஸ் (சிவப்பணுக்களை உடைக்கும் திரவம்). இவை தீர்ந்துபோனால் எங்கே வாங்குவது, பணம் யார் தருவது என்று ஒப்படைப்புக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதே ஆய்வகத்தின் மூலையில், எபோலாவுக்குப் பிறகு வந்த இரண்டு அனலைசர்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன. மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்பு. ஒன்றின் ரீஏஜென்ட், அதாவது பரிசோதனைக்கான இந்தத் திரவங்கள், இன்னொன்றுக்கு ஆகாது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஐந்தாண்டு ஓட்டச்செலவு எழுத்தில் உறுதியாகாத எந்தக் கருவியையும் அனுப்பாதீர்கள். அமைச்சக அதிகாரிகளே, அப்படி வரும் கருவியை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. மருத்துவக் கருவி நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆய்வகங்களை வலுப்படுத்துவதற்கான மபூட்டோ பிரகடனம் 2008இலேயே வந்துவிட்டது. நோயறிதல் வசதியை வலுப்படுத்தும் தீர்மானத்தை உலக சுகாதாரப் பேரவை 2023இல் நிறைவேற்றியது. எனவே கொள்கையை விட்டுவிட்டு, அந்த மூலையில் கிடக்கும் கருவிகள் ஏன் நின்றன என்பதை மட்டும் சொல்கிறோம்.

மூன்று வகை வெள்ளணுக்களைப் பிரித்துக் காட்டும் சாதாரண அனலைசர் ஒன்று, ஒரு மாதிரிக்கு 20 முதல் 30 மில்லி டைலூயன்ட் குடிக்கும். 20 லிட்டர் கேனுக்கு அறுநூற்று அறுபது முதல் ஆயிரம் பரிசோதனை வரை வரும் என்று காகிதத்தில் கணக்குப் போடலாம். ஆனால் காலையில் இயக்கும்போது கழுவல், மாலையில் நிறுத்தும்போது கழுவல், மின்சாரம் போய் வந்தால் மறுபடியும் கழுவல். நாளுக்கு எட்டோ பத்தோ மாதிரி மட்டும் வரும் இடத்தில் டைலூயன்டில் பெரும்பங்கு நோயாளியின் ரத்தத்துக்கு அல்ல, கழுவலுக்கே போய்விடுகிறது. அந்தக் கேன் உப்புக் கரைசல். எடை அதிகம் என்பதால் விமானத்தில் அனுப்பக் கட்டுப்படியாகாது, கப்பலில்தான் வர வேண்டும். துறைமுகத்தில் சுங்க வரிவிலக்குக் கடிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகரும்வரை வெயிலில் கன்டெய்னருக்குள் நிற்கும். தரக்கட்டுப்பாட்டுக்கான கன்ட்ரோல் ரத்தமோ இதற்கு நேர்மாறு. 2 முதல் 8 டிகிரி குளிரில், விமானத்தில் வர வேண்டும். அதன் ஆயுளே சில மாதங்கள்தான். வந்து சேரும்போது பாதி ஆயுள் முடிந்திருக்கும்.

லைஸ் தீர்ந்தால் கருவி நிற்கிறது. அதோடு போகவில்லை, அங்கேதான் பழுதே தொடங்குகிறது. பல நாட்கள் ஓட்டாமல் வைப்பதென்றால் குழாய்களில் உள்ள டைலூயன்டை முழுக்க வடித்து, காய்ச்சி வடித்த நீரால் அலசிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். மெனுவில் அதற்கென்று தனிக் கட்டளையே உண்டு. ஆனால் ரீஏஜென்ட் அடுத்த வாரம் வரும், அடுத்த மாதம் வரும் என்று சொல்லப்பட்டதால் யாரும் வடிப்பதில்லை. உப்புநீர் குழாய்க்குள்ளேயே காய்ந்து படிகமாகிறது. அணுக்களை எண்ணும் துளை 100 மைக்ரானுக்கும் குறைவான அகலம் கொண்டது. அது அடைத்துக்கொள்கிறது. எட்டு மாதம் கழித்து ரீஏஜென்ட் வரும்போது திரையில் அடைப்பு என்ற எச்சரிக்கை வருகிறது. அந்தத் துளையைக் கழற்றிச் சுத்தம் செய்யப் பயிற்சி பெற்ற பொறியாளர் வேறு நாட்டில், அக்ராவிலோ டாக்கரிலோ இருக்கிறார். அவருடைய விமானக் கட்டணத்துக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. இவ்வளவுதான் நடந்தது. யாரும் கருவியைப் போட்டு உடைக்கவில்லை, யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. உங்கள் ஆய்வறிக்கைகளில் "உள்ளூர்ப் பணியாளர்களின் திறன் குறைபாடு" என்று எழுதப்படுவது இதைத்தான்.

அந்த எட்டு மாதமும் குழந்தைகள் வார்டில் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். மழைக்காலத்தில் கடும் மலேரியாவோடு குழந்தைகள் வருவார்கள். ஹீமோகுளோபின் 4 கிராமா 7 கிராமா என்பதை வைத்துத்தான் ரத்தம் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். கருவி இல்லாதபோது மருத்துவர் கீழிமையை இழுத்து வெளிறலைப் பார்த்து முடிவு செய்கிறார். இரவில் டார்ச் வெளிச்சத்தில் அந்த நிறத்தை நம்ப முடியாது. தேவையில்லாத குழந்தைக்கு ஏற்றினால், இருக்கும் ஒரு யூனிட் ரத்தம் போய்விடும். தேவையான குழந்தைக்கு ஏற்றாவிட்டால் விடிவதற்குள் குழந்தை போய்விடும்.

காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியின் கதையும் இதேதான், சற்று வேறு விதமாக. பரிசோதனை நடக்கும் அறைகளான மாட்யூல் நான்கு உள்ள கருவியில் முதலில் ஒன்று சோர்கிறது, பிறகு இன்னொன்று. சஹாராவின் தூசியைக் கொண்டுவரும் ஹர்மாட்டான் காற்று வீசும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மின்விசிறி வடிகட்டியில் தூசி அடைகிறது. அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பிழை எண்கள் வரத் தொடங்குகின்றன. பரிசோதனை நடுவில் மின்சாரம் போனால் மாதிரி ஊற்றிய கார்ட்ரிட்ஜ் (ஒருமுறை மட்டும் பயன்படும் சிறு பெட்டி) வீண், நோயாளியிடம் மறுபடி சளி கேட்க வேண்டும். உங்கள் திட்ட ஆவணங்களில் மின்தேவை என்று கருவியின் வாட் அளவு மட்டும் இருக்கிறது. அந்த அறையை 30 டிகிரிக்குள் வைக்கும் ஏசிக்குக் கருவியைவிடப் பல மடங்கு மின்சாரம் வேண்டுமே, அது எந்தக் கணக்கில் வருகிறது? சோலார் பேட்டரிகளை ஜன்னல் இல்லாத தகரக் கொட்டகையில் வைக்கிறார்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஐந்தாண்டு உழைக்க வேண்டிய பேட்டரி இரண்டே ஆண்டில் படுத்துவிடுகிறது. மாற்றுப் பேட்டரிக்குப் பணம் ஒதுக்கிய திட்டத்தைக் காண்பது அரிது.

இன்னொன்று. ஒரே கருவி காசநோயையும் பார்க்கும், எச்ஐவி வைரல் லோடையும் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பார்க்கும். ஆனால் காசநோய்த் திட்டம் கொடுத்த கருவியில் எச்ஐவி கார்ட்ரிட்ஜ் போடக்கூடாது என்று சில இடங்களில் வாய்மொழி உத்தரவு. அடுத்த அறையில் எச்ஐவி திட்டத்தின் கருவி கார்ட்ரிட்ஜ் இல்லாமல் சும்மா நிற்கும். நோயாளிக்கு நோய்தான் உண்டு, உங்கள் நிதித் தலைப்புகள் அவருக்குக் கிடையாது.

பரிசோதனைக் கட்டணம் வசூலித்து ஓட்டிக்கொள்ளலாமே என்று உங்கள் ஆலோசகர்கள் கேட்கிறார்கள். சியரா லியோனில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு 2010 ஏப்ரல் முதல் சிகிச்சை இலவசம். சரியான கொள்கை, அதைக் குறைசொல்ல மாட்டோம். ஆனால் மாவட்ட ஆய்வகத்துக்கு அதிகம் வருபவர்கள் இவர்கள்தான். இவர்களிடம் வசூலிக்க முடியாத பணத்தை யாராவது தந்துதான் ஆக வேண்டும். ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களில் பலர் அரசுச் சம்பளப் பட்டியலிலேயே இல்லாத தன்னார்வலர்கள். அவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்திச் சான்றிதழ் தருகிறீர்கள். சம்பளம் கிடைக்கும் வேலை வந்ததும் அவர்கள் போகிறார்கள், பயிற்சியும் அவர்களோடு போகிறது.

செய்ய முடியாததைக் கேட்கவில்லை. 2013 டிசம்பரில் கினியின் கெக்கெடு பகுதியில் எபோலா தொடங்கியது. அது எபோலா என்று உறுதியாக மூன்று மாதம் ஆனது, மாதிரிகள் பிரான்சின் லியோன் நகரம் வரை போயின. அந்த மூன்று மாதத்தில் பரவிவிட்ட நோய் கடைசியில் 11,300க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கெனிமா மருத்துவமனையில் லாஸா காய்ச்சலுக்காக இருந்த ஆய்வகம்தான் சியரா லியோனின் முதல் எபோலா நோயாளியைக் கண்டறிந்தது. அந்தப் பிரிவை நடத்திய டாக்டர் ஷேக் உமர் கான் 2014 ஜூலையில் அதே நோய்க்குப் பலியானார். பிறகு 2021 ஆகஸ்டில் அதே கெக்கெடுவில் ஒருவர் எபோலா போன்ற மார்பர்க் காய்ச்சலில் இறந்தபோது, கெக்கெடுவில் இருந்த ஆய்வகமே சில நாட்களில் கண்டுபிடித்துவிட்டது. ஊர் அதுதான், இடைவெளி ஏழு ஆண்டு. நடுவில் ஓர் ஆய்வகத்தைத் தொடர்ந்து ஓட விட்டார்கள் என்பதுதான் வேறுபாடு.

பணம் கொடுக்கும் முறையும் புதிதல்ல. கருவி, ரீஏஜென்ட், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒரு பரிசோதனைக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தம் எச்ஐவி வைரல் லோடுக்கு நடப்பில் இருக்கிறது. 2018இல் பரிசோதனைக் கருவிகள் தயாரிக்கும் ஹோலாஜிக் நிறுவனம் ஏறக்குறைய 12 டாலர் என்று அப்படி ஒரு விலையை அறிவித்தது. வைரல் லோடுக்குச் சாத்தியமானதை ஹீமோகுளோபினுக்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினுக்கும் ஏன் பேசக்கூடாது? நாடு முழுவதும் ஒரே வகை அனலைசர் என்று அமைச்சகம் முடிவுசெய்தால் பேரம் பேசும் வலு வரும். ஒரு மாவட்டத்தில் தீர்ந்த லைஸை அடுத்த மாவட்டத்திலிருந்து மோட்டார் பைக்கில் கொண்டுவரலாம். உயிர்வேதியியலுக்கு எந்த நிறுவனத்தின் ரீஏஜென்டும் போடக்கூடிய செமி ஆட்டோ அனலைசரே சிறிய மருத்துவமனைக்குப் போதும். அதற்கு மாற்று விளக்கு ஒரு சிறிய ஹாலஜன். பம்ப் குழாயோடு சேர்த்து ஒரு சிறு பெட்டியில் அடங்கிவிடும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜின் மோட்டாருக்கு ஒரு ஜோடி கார்பன் பிரஷ். இந்தச் சில்லறைப் பொருள்கள் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் கருவிகள் ஏராளம்.

ஆகவே திரும்பவும் கேட்கிறோம். அடுத்த டெண்டரில் கருவியின் விலைக்கு அருகிலேயே ஐந்தாண்டு ரீஏஜென்ட், கன்ட்ரோல், உதிரிபாகம், பேட்டரி மாற்றம், பொறியாளரின் பயணம், ஆண்டுக்குக் கருவி விலையில் 5 முதல் 10 சதவீதம் பராமரிப்பு, ஒரு தொழில்நுட்பரின் சம்பளம் ஆகியவற்றை எழுதுங்கள். மொத்தத் தொகை பெரிதாகத் தெரிந்தால் பத்துக் கருவிக்குப் பதில் மூன்று அனுப்புங்கள். மூன்றும் ஓடும். அனுப்பும் முன் அந்த ஆய்வகத்தில் வேலை செய்பவரிடம் ஒரு முறை கேளுங்கள்: ஏற்கெனவே என்ன இருக்கிறது, எது ஏன் நின்றது, மின்சாரம் நாளுக்கு எத்தனை மணி நேரம் வருகிறது. அவரது பதிலை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். டெண்டர் வரைவை எங்களிடம் காட்டினால் ஒரு வாரத்துக்குள் திருத்தங்களைக் குறித்துத் தருகிறோம், கட்டணம் எதுவும் வேண்டாம்.

உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை அடுத்த நிதியாண்டுக் கொள்முதல் தொடங்குவதற்கு முன் எதிர்பார்க்கிறோம்.

நன்றியுடன்,
மாவட்ட மருத்துவமனை ஆய்வகங்களில் பணியாற்றும் தொழில்நுட்பர்கள், கருவிப் பராமரிப்பாளர்கள்