ஒரு வாரச் சந்தா கேட்டு, இலங்கை மலையகத்து மஸ்கெலியாவிலிருந்து

பாட்டுச் செயலி நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். கட்டணம் மறுபடியும் ஏறுகிறது என்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. சேவையை இன்னும் சிறப்பாக்கத்தான் ஏற்றுகிறீர்களாம். அந்தச் சிறப்பு எங்கள் லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்கிறேன்.

நீங்கள் காசு எடுப்பது மாதம் 4ஆம் திகதி. தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி. போன மாதம் கார்டில் கட்டணத்துக்கு 80 ரூபா போதவில்லை. இறக்கி வைத்திருந்த பாட்டெல்லாம் அன்றிரவே மங்கிப்போய் நின்றன. அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்து, காலில் அட்டை கடித்த இடத்தைக் கழுவிக்கொண்டே "பாட்டப் போடு" என்றார். தட்டித் தட்டிப் பார்த்தேன். இலவசமாகக் கேட்கலாமே என்பீர்கள். இங்கே வாசல் திண்ணையான இஸ்தோப்பு ஓரத்தில் நின்றால்தான் சிக்னல், அதுவும் ஒரே கோடு. பாட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. விளம்பரம் மட்டும் திக்காமல் ஓடியது. கொழும்பில் கடலைப் பார்த்த சொகுசு மாடி வீடு விற்பனைக்காம். 10க்கு 12 அடிக் காம்பரா வாசலில் நின்று அதையும் முழுதாகக் கேட்டோம். "யாருடி அவ, இந்த நேரத்துல வீடு விக்கிறா?" என்றார் அம்மா.

நான் கேட்பது ஒன்றுதான். மாதச் சந்தாவோடு ஒரு வாரச் சந்தாவும் தாருங்கள். கையில் காசு வந்ததும் கட்டுகிறோம், இல்லாத வாரம் சும்மா இருக்கிறோம். எங்கள் கடையில் ஷாம்பூகூடச் சின்னச் சின்னப் பக்கெட்டாகத்தான் போகிறது. இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் நாள் கணக்கிலேயே பாட்டுச் சந்தா விற்றிருக்கிறார்கள். ஆகாத காரியம் இல்லை.

டொலர் ஏறியது என்பீர்கள். சரி, 2022இல் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது, நாங்களும் வாய் திறக்கவில்லை. அப்புறம் 300 பக்கம் இறங்கியதே, உங்கள் கட்டணம் ஏன் இறங்கவில்லை? அம்மாவுக்கு நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது 2021இல், பல வருடம் தெருவில் இறங்கிக் கத்திய பிறகு. 1,350 ஆனது 2024இல். அதுவும் பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். உங்களுக்கோ ஒரு மின்னஞ்சல் போதும். ஏறிய காசு பாடியவருக்காவது போகிறதா என்றால், ஒரு தடவை கேட்பதற்கு ஓர் அமெரிக்க சதம்கூடத் தேறுவதில்லை. நான் கேட்காத பாட்காஸ்ட்டை மட்டும் முதல் பக்கத்திலேயே அடுக்கி வைக்கிறீர்கள்.

இதே காம்பராவில் தாத்தா இலங்கை வானொலி கேட்டவர். பெட்டரி தளர்ந்தால் அடுப்பு மேட்டில் வைத்துச் சூடுகாட்டி, இன்னும் இரண்டு நாள் இழுப்பார். அறிவிப்பாளர் அப்துல் ஹமீதின் குரல் கரகரத்தாலும் வந்துவிடும். 4ஆம் திகதி என்று சொல்லி யாரும் அதை நிறுத்தவில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்குக் காசு தரமாட்டேன் என்று சொல்லவில்லை. திருட்டுப் பாட்டு இறக்கித் தரும் கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நான் அங்கே போகவில்லை. தயவுசெய்து ஒரு வாரச் சந்தா கொண்டுவாருங்கள். அது ஆகும்வரை, காசு எடுக்கும் திகதியையாவது 11ஆக மாற்றிக்கொள்ள விடுங்கள்.

இப்படிக்கு,
இந்த மாதமும் 10ஆம் திகதிக்காகக் காத்திருக்கும் ஒரு சந்தாதாரர்