கலை வட்டத்தின் 2024-ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வட்டத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் கோலப் போட்டியும் சிறுவர் ஓவிய வகுப்பும் வழக்கம்போல் சிறப்பாக நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இந்த ஆண்டின் முக்கியப் பணிக்கு நேரே வருகிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கலையில் தண்ணீரும் நிலமும் எப்படி இடம்பெறுகின்றன என்று மாதக் கூட்டங்களில் பார்த்துவந்தோம். மிச்சிகன் மாநிலத்தில் வாழும் நாம் இங்குள்ள ஃப்ளின்ட் நகரிலிருந்து தொடங்குவதே முறை என்று செயற்குழு முடிவு செய்தது.

2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, அந்நகரக் குழாய்களில் ஃப்ளின்ட் ஆற்று நீரை விட்டார்கள். குழாய் அரிக்காமல் காக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், எஞ்சின் பாகங்கள் அரிக்கப்படுகின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்தத் தண்ணீரை நிறுத்திக்கொண்டது. மக்களுக்கு அது நின்றதோ 2015 அக்டோபரில்தான். இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கறுப்பினப் புகைப்படக் கலைஞர் லடோயா ரூபி ஃப்ரேசியர் 2016-இல் ஐந்து மாதம் அங்கே தங்கிப் படமெடுத்தார். பென்சில்வேனியாவின் எஃகு ஆலை ஊரான பிராடக்கில் வளர்ந்தவர் அவர். ஒரு படத்தில், குளியலறையில் நிற்கும் தாய் பாட்டில் தண்ணீரைக் கொண்டு மகளுக்குப் பல் துலக்கிவிடுகிறார். ஆற்றையோ ஆலையையோ காட்டாமலே நடந்த அநியாயம் முழுவதும் அதில் தெரிகிறது. பின்னர், காற்றின் ஈரத்திலிருந்து குடிநீர் எடுக்கும் இயந்திரம் 2019-இல் ஃப்ளின்ட்டுக்கு வர, அவரும் பணம் திரட்டி உதவினார். படமெடுத்ததோடு ஊரை மறந்துவிடாத அந்தப் பண்பைப் பல உறுப்பினர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

அடுத்து அலபாமாவின் ஜீஸ் பெண்ட். மூன்று பக்கம் ஆறு சூழ்ந்த பருத்திக் காட்டு ஊர். அங்குள்ள கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டதற்காக 1962-இல் படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். மீண்டும் வந்தது 2006-இல். அவ்வூர்ப் பெண்கள் குளிர் தாங்கக் கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வைகள் இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அவர்களில் மிசூரி பெட்வே என்ற பெண் 1942-இல் தைத்த போர்வை, இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளால் ஆனது. வயலில் வெளுத்த துணி அப்படியே அதில் இருக்கிறது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர், தம் பாட்டி பழம்புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்பை நினைவுகூர்ந்தார்.

தமிழர் அமைப்புக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் எழுந்தது. இந்த மாநிலத்தின் ஏரியும் ஆறும்தான் நமக்கும் தண்ணீர் தருகின்றன. அக்கம்பக்கத்தாரின் துயரத்தை அறிந்துகொள்வது நம் கடமை.

வரும் ஆண்டுக்கு ஒரு பரிந்துரை. மிச்சிகனின் பூர்வகுடிக் கூடைக் கலைஞர் கெல்லி சர்ச்சின் படைப்புகளிலிருந்து தொடங்கலாம். பிளாக் ஆஷ் மரத்தை அடித்து, ஆண்டு வளையங்களைப் பட்டையாக உரித்துக் கூடை முடைவது அவர் குடும்பத் தொழில். 2002-இல் தென்கிழக்கு மிச்சிகனில் கண்டறியப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு அந்த மரங்களை அழித்துவருகிறது. அவர் முட்டை வடிவக் கூடை ஒன்றை முடைந்து, மரம் பற்றிய அறிவைப் பென்டிரைவில் பதிந்து உள்ளே வைத்திருக்கிறார். இப்பரிந்துரைக்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

நன்றி.
செயலாளர்