பலகையில் எந்த நாட்டை எழுதுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல மொழிக்காரர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மரத்தோட்டம் போடுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். யோசனை நல்ல யோசனை. ‘ஒரு சமூகத்துக்கு ஒரு மரம், மரத்தடியில் அதன் நாட்டுப் பெயர்’ என்ற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது.

மரங்களின் பூர்வீகத்தைக் கிளறினால் யாருக்கும் அத்தனை சுலபமாகப் பட்டா எழுத முடியாது. புளியை அரபுக்காரர்கள் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள்; தாவரவியல் பெயரிலும் ‘இண்டிகா’ ஒட்டிக்கொண்டது. மரமோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஈழத்தலரி என்று வாய் நிறையச் சொல்கிறோம். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. கொடுக்காப்புளியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான், ஆனால் ஆங்கிலத்தில் அதற்கு மணிலா புளி என்று பெயர்! இதில் எந்த நாட்டை எழுதுவீர்கள்?

நாட்டை விட்டுவிட்டு, அந்தத் தெருவில் யார் யார் அதை என்னவென்று கூப்பிடுகிறார்களோ அத்தனை பெயரையும் அவரவர் எழுத்தில் எழுதலாம். “ஓ, நீங்க இப்படியா சொல்வீங்க?” என்று பேச்சு தானாகத் தொடங்கும். தங்கள் ஊர் மரம் அந்த மண்ணில் வராது என்பவர்களுக்கும் பலகையில் ஒரு வரி கிடைக்கும்.

ஏனென்றால் வராத மரம் வராதுதான். கோபன்ஹேகனில் 2012-இல் திறந்த சூப்பர்கீலன் பூங்காவில் 60-க்கும் மேற்பட்ட நாடுகளின் பெஞ்சும் ஊஞ்சலும் விளக்கும் இருக்கின்றன. பெஞ்சுக்கு மழையும் வெயிலும் ஒன்று, மரத்துக்கு அப்படியில்லை. வந்த இடத்தில் காடாகப் பரவி மற்றதை அழிக்கும் சீமைக்கருவேலம் போன்றவற்றை, யார் ஆசைப்பட்டுக் கேட்டாலும் வைக்கக் கூடாது.

கலந்து நடுவதில் மரங்களுக்கும் லாபம் உண்டு. மொத்த மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) 20, ஒரே குடும்பம் (அப்படிப்பட்ட பேரினங்கள் சேர்ந்தது) 30 என்று அமெரிக்கத் தாவர அறிஞர் சாண்டமோர் 1990-இல் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு நோய் வந்தால் மொத்தத் தோப்பும் போய்விடாமல் இருக்கத்தான். சின்னத் தோட்டத்தில் அந்தக் கணக்கு அப்படியே நிற்காது, போகட்டும்.

அப்புறம் ஒரு விஷயம். நான் பார்த்த ஒரு பொதுத்தோட்டத்தில் பெயர்ப்பலகையைக் கம்பியால் தண்டில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கி, மேலே தண்டு வீங்கி, கீழே ஒல்லியாக நின்றது. இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். பெயர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பலகையைத் தனியாக ஒரு குச்சியில் அடித்துப் பக்கத்தில் நடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்