ஒரே உப்பு, இரண்டு கணக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் மாதிரி எடுக்கும் வேலை, அதனால்தான் இந்தத் தாமதம். விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டுமா, சில்வர் நைட்ரேட்தான்! எம்.எஸ்சி.யில் ஒரே பியூரெட்டைப் பங்கு போட்டுச் செய்தோமே, உப்பில் சோடியத்தோடு சேர்ந்திருக்கும் குளோரைடை அளக்கும் அதே சோதனை. மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்குத் திரும்பும் அந்தச் சொட்டுக்கு இன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

போன வாரம் ஒரு பாட்டி வீட்டுக் கிணறு. அவர் மாமனார் வெட்டியது. "பருப்பு வேகாதும்மா, பாலை ஊத்துனா திரிஞ்சுபோகுது" என்றார். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு வழியே இல்லையென்றால் 1000 வரை போகலாம். அந்தக் கிணறு அதையும் தாண்டிவிட்டது. எண்ணை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொசஸ்தலை, ஆரணி ஆறுகளின் மணற்படுகை எவ்வளவு நல்ல நீரூற்று தெரியுமா? ஆலைக்கும் நகரத்துக்கும் வயலுக்கும் உறிஞ்சிக்கொண்டே இருந்தோம். 1969-லேயே கடல்நீர் உள்ளே வருவது தெரிந்துவிட்டது. அப்போது சில கிலோமீட்டர்தான், பிறகு பத்தையும் தாண்டியது. நன்னீர் உப்புநீர்மேல் மிதக்கிறது, இல்லையா? மேலே நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உப்புநீர் நாற்பது அடி ஏறும். கணக்கு அவ்வளவு கொடூரமானது.

சரி, உனக்கு எழுத நினைத்தது வேறு. கடல்நீரில் சோடியம் ஒரு பங்கு என்றால் குளோரைடு எடையில் 1.8 பங்கு. கிணற்றுக்குள் வரும் வழியில் களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விடுகிறது, அதனால் விகிதம் 1.8-க்கு மேலே போகிறது. பருப்பு வேகாததற்கும் அந்தக் கால்சியம்தான் காரணம்.

இப்போது காற்றுக்கு வா. வடசென்னையில் ஒரு மொட்டை மாடியில் கருவி வைத்திருக்கிறோம். ஒரு நாளில் 24 கனமீட்டர் காற்று டெஃப்லான் வடிதாள் வழியே போகிறது. நுண்துகள் (பி.எம். 2.5) நம் நாட்டின் தினசரி வரம்பான கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தொட்டாலும் தாளில் சேர்வது ஒன்றரை மில்லிகிராமுக்கும் குறைவு. ஆனால் தாள் சாம்பல் பூத்திருக்கும். கடற்காற்று கொண்டுவந்த உப்பும் அதில் உண்டு. ஆனால் இங்கே விகிதம் 1.8-க்குக் கீழே! வண்டிப் புகையிலிருந்து உண்டாகும் நைட்ரிக் அமிலம் குளோரைடைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. குப்பை எரியும் விடிகாலைகளில் மட்டும் குளோரைடு தாறுமாறாக ஏறும், பிளாஸ்டிக்கில் இருக்கிற குளோரின் அது. டெல்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தில் இந்தக் குளோரைடுக்குப் பெரிய பங்கு உண்டென்று 2021-இல் சென்னை ஐ.ஐ.டி. குழு ஒன்று காட்டியது.

நிலத்தடியில் ஒரு பக்கம், காற்றில் இன்னொரு பக்கம் என்று ஒரே உப்பு தடம் மாறுவதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தூக்கம் வரவில்லை, செல்வி.

அப்புறம், ஒரு உதவி. தூத்துக்குடியில் உன் சித்தப்பா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு லிட்டர் வேண்டும். வாளியால் சிறிது நேரம் இறைத்துவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பு. தேதியும் கிணற்றின் ஆழமும் எழுதி ஒட்டு. உன் வகுப்புப் பிளஸ் டூ பிள்ளைகளையும் கூட்டிப் போ, அவர்களே இறைக்கட்டும்.

அன்புடன்,
மாலதி