பத்து மணி மாத்திரை பத்து மணிக்கே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் எங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் கடுமையாகி வாட்டில் மறித்துவிட்டார்கள். எந்த வைத்தியசாலை என்று எழுதப் போவதில்லை, அது இந்தக் கடிதத்துக்குத் தேவையும் இல்லை. அப்பாவுக்கு பார்க்கின்சன் நோய், கை கால் நடுங்கி உடம்பு இறுகிப்போகிற நோய், இருப்பதை 2019 இல் கண்டுபிடித்தார்கள். காலை 6, 10, பகல் 2, பின்னேரம் 6, இரவு 10 என்று லெவோடோபா மாத்திரை எடுக்கிறவர். வாட்டில் நாங்கள் கொண்டுபோன மாத்திரைப் பையை வாங்கி வைத்துவிட்டு, டொக்டர் பார்த்து முடிந்த பிறகு எல்லோருக்கும் கொடுக்கிற நேரத்திலேயே அவருக்கும் கொடுத்தார்கள். பத்து மணி மாத்திரை பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. பதினொரு மணிக்கே மனிசன் கட்டிலில் மரக்கட்டை மாதிரி இறுகிவிட்டார், திரும்பிப் படுக்க முடியவில்லை, வாயில் விட்ட தண்ணீர் கடைவாயால் வழிந்தது. அப்போது அங்கே வேலை செய்த ஒருவர் "ஐயா எழும்பப் பஞ்சிப்படுறார்" என்று சொன்னார். ஐம்பது வருடம் வயலில் நின்ற மனிதரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் பிள்ளைகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒரு தாதி எத்தனை கட்டிலைத்தான் பார்ப்பார்? இந்த நோய்க்கு நேரம் எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த நோயில், உடம்பை நினைத்தபடி அசைக்க உதவுகிற டோபமின் என்ற பொருளை நடுமூளையில் சுரக்கிற கலங்கள் மெல்ல மெல்ல அழிந்துகொண்டு போகின்றன. லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறிச் சில மணித்தியாலம் வேலை செய்யும், பிறகு தீர்ந்துவிடும். வாட்டர் பம்மில் எண்ணெய் முடிந்தால் தண்ணீர் நிற்கிறது போலத்தான், பம்மைத் திட்டி என்ன பலன்?

அன்று இரவு இலண்டனில் இருக்கிற தங்கச்சிக்கு இதைச் சொன்னேன். அங்கேயும் இதே பிரச்சினை இருந்தது அக்கா, அதற்கென்றே ஒரு அமைப்பு வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கிறது என்றாள். பிறகு நானும் தேடி வாசித்தேன். பார்க்கின்சன்ஸ் யூகே என்று பெயர். 1969 இல் மாலி ஜென்கின்ஸ் என்ற பெண் தொடங்கினார், அவருடைய சகோதரிக்கு இந்த நோய் இருந்தது. அவர் டொக்டர் இல்லை, வீட்டில் ஒரு நோயாளியை வைத்துப் பார்த்தவர். அந்த அமைப்புத்தான் 2006 இல் 'நேரத்துக்குக் கொடுங்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. குறித்த நேரத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் மாத்திரை கிடைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. தாதிமாருக்கு விளக்கம் கொடுக்கிறார்கள், வைத்தியசாலை நிர்வாகங்களிடம் கேட்கிறார்கள். அங்கேயே இன்னும் முழுதாகச் சரிவரவில்லை, ஆனாலும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே எங்களுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அவர்கள் ஆராய்ச்சிக்கும் காசு கொடுக்கிறார்கள். ஆராய்ச்சி என்றால் எங்களுக்கும் அதற்கும் என்ன என்று இங்கே நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், ஜோய் மில்னின் கதையை வாசிக்கும்வரை. ஸ்கொட்லாந்தில் ஓய்வுபெற்ற தாதி அவர். கணவருக்கு நோய் என்று டொக்டர்மார் சொல்வதற்குப் பத்து வருடத்துக்கு மேல் முன்னமே அவருடைய உடம்பு வாசனை மாறியதை இவர் கவனித்திருக்கிறார். பிறகு நோயாளிகள் கூடும் இடத்துக்குப் போனபோது அதே வாசனை மற்றவர்களிலும் அடித்தது. 2012 இல் எடின்பரோவில் ஒரு ஆராய்ச்சியாளர் பேசிய கூட்டத்தில் எழும்பி இதைக் கேட்டார். முதலில் பெரிதாக எடுக்கவில்லை, பிறகு அந்த ஆராய்ச்சியாளரே அவரைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார். பன்னிரண்டு பேர் போட்ட டீசேர்ட்டுகள், ஆறு நோயாளிகளுடையவை, ஆறு நோயில்லாதவர்களுடையவை. மணந்து பார்த்துப் பதினொன்றைச் சரியாகச் சொன்னார். நோயில்லாத ஒருவருக்கும் நோய் இருக்கிறது என்று சொன்னதுதான் ஒரே பிழை. எட்டு மாதத்தில் அந்த ஆளுக்கும் நோய் இருப்பது தெரியவந்தது. இன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் முதுகுத் தோலின் எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுத்து நோயைக் கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மனைவி கேட்ட கேள்வியில் தொடங்கியது.

எங்கள் அம்மாவும் கவனித்தார், ஆசிரியர் ஐயா. நோய் தெரியவந்ததற்கு ஏழெட்டு வருடம் முந்தியே அப்பாவுக்கு மணம் தெரியாமல் போனது, அடுப்பில் பால் கருகினாலும் பக்கத்திலேயே இருப்பார். நித்திரையில் கத்துவார், கையைக் காலை வீசி அடிப்பார், ஒருநாள் அம்மாவின் கண்ணுக்கு மேலே பட்டு வீங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் என்ன நினைத்தோம்? முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர்கள் நாங்கள், செல்லடிக் கனவு காண்கிறார் என்றுதான் நினைத்தோம். முகத்தில் சிரிப்பு இல்லாமல் போனதையும் 2009 இன் கணக்கிலேயே போட்டுவிட்டோம். அந்த நேரத்தில் வன்னியில் யார்தான் சிரித்தார்கள்? மணம் தெரியாமல் போவது, கனவோடு சேர்ந்து கை கால் அடிப்பது, முகம் இறுகுவது, மலச்சிக்கல், இதெல்லாம் நடுக்கத்துக்கு வருடக்கணக்கில் முன்னமே வரக்கூடிய அடையாளங்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பிறகு அப்பாவின் கையெழுத்து சின்னதாகிச் சின்னதாகி எறும்பு ஊர்கிற மாதிரி வந்தது. வங்கியில் கையொப்பம் பொருந்தவில்லை என்று சொந்தக் காசை எடுக்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். அதுவும் இந்த நோயின் அடையாளந்தான். எத்தனை வீட்டில் இப்படிப் பார்த்தும் தெரியாமல் இருக்கிறார்களோ.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்தவர். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பசளையே வரவில்லை, ஆனால் அதற்கு முந்தியும், 2002 இல் பாதை திறந்த பிறகும் காலபோகம் சிறுபோகம் இரண்டுக்கும் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு களைக்கு மருந்தடித்தார். அதில் பரகுவாட்டும் ஒன்று. நஞ்சு குடித்துச் சாகிறவர்களைக் குறைக்க இலங்கை அதை 2008 இலிருந்து படிப்படியாக நிறுத்தி 2011 இல் முழுதாகத் தடை செய்தது, நல்ல வேலை. அதே 2011 இல் அமெரிக்காவில் விவசாயக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வொன்றில், பரகுவாட் அல்லது ரோட்டினோன் என்ற பூச்சி மருந்து பாவித்தவர்களிடம் பார்க்கின்சன் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. நடிகர் மைக்கேல் ஜே. பொக்ஸுக்கு 29 வயதில் இந்த நோய் வந்தது. 2000 ஆம் ஆண்டு அவர் தொடங்கிய அறக்கட்டளை, பரகுவாட்டைத் தடை செய் என்று அமெரிக்க அரசிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்கு அதனால்தான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை, ஒரு ஆளை வைத்து அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் இரணைமடுத் தண்ணீரில் விதைத்த ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு நடுக்கம் என்று எண்ணிப் பார்க்கலாமே. விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது, மருத்துவ பீடம் யாழ்ப்பாணத்தில். இரண்டும் ஒரே பல்கலைக்கழகம்.

வெளிநாட்டு உறவுகள் வன்னிக்குச் செய்தது கொஞ்சநஞ்சமில்லை. தையல் மெசின், சைக்கிள், சக்கர நாற்காலி, மதியச் சாப்பாடு, எல்லாம் வந்தது, நன்றி மறக்க மாட்டோம். ஆனால் சக்கர நாற்காலிக்குக் கிடைக்கிற காசு, அந்த மனிதர் நாற்காலிக்குப் போகாமல் இன்னும் ஐந்து வருடம் நடப்பதற்கு என்ன செய்யலாம் என்று கேட்கிற வேலைக்குக் கிடைப்பதில்லை. அதைப் படம் எடுத்துப் போட முடியாது என்பதாலோ தெரியவில்லை. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அப்பாவின் மாத்திரைக்காக மூன்று பார்மசி ஏறி இறங்கி, கிடைத்ததைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். என்னைப் போல எத்தனை பேர் அலைந்தார்களோ. ஆளுக்கொரு பார்மசி வாசலில் தனித்தனியாக நின்றோம், ஒரு சங்கம் இருந்திருந்தால் சேர்ந்து ஒரு கடிதமாவது எழுதியிருப்போம்.

ஆகவே நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு தொடக்கம் செய்திருக்கிறோம். நரம்பியல் கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் பழக்கமானவர்கள்தான். முதல் வேலை ஒரு அட்டை. தமிழிலும் சிங்களத்திலும் நோயின் பெயர், மாத்திரை நேரம், நேரம் தவறினால் உடம்பு இறுகிவிடும் என்ற ஒரு வரி, வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட் கொடுக்க வேண்டாம், அது நோயைக் கூட்டும் என்ற இன்னொரு வரி. கிளினிக் டொக்டரிடம் காட்டித் திருத்திக்கொண்டோம். வாட்டில் மறித்தால் கட்டில் தலைமாட்டில் தொங்கவிடலாம். இரண்டாவது வேலை ஒரு கொப்பி, அதில் விரும்பியவர்களின் விபரம் மட்டும்: வயது, எப்போது தொடங்கியது, வயலில் மருந்தடித்தவரா, முதலில் வீட்டில் யார் எதைக் கவனித்தார்கள். அதைச் சரியான முறையில் செய்யப் படித்தவர்கள் வேண்டும், பல்கலைக்கழகத்தில் இருக்கிறவர்கள் யாராவது முன்வந்தால் கொப்பியோடு நாங்களே வருவோம்.

ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் தினம். 1817 இல் இந்த நோயைப் பற்றி முதலில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனின் பிறந்தநாள் அது. அதற்கு முந்தின ஞாயிறு உங்கள் பத்திரிகையில் அந்த அட்டையை வெட்டி எடுக்கக்கூடிய அளவில் போட்டுத் தந்தால் போதும், காசு கொடுத்து அச்சடிக்க வசதியில்லாத வீடுகளுக்கும் போய்ச் சேரும். எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயியின் மகள்,
கிளிநொச்சி.