பெருங்காய டப்பா

அன்புள்ள ரம்யாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். தீபாவளிக்கு எனக்குப் புதுசாக ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று ஆர்டர் போடப் போவதாக மாப்பிள்ளை அம்மாவிடம் சொன்னாராமே. வேண்டாம் என்று நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. நான் சொன்னால் மாமனார் முறுக்கு என்று ஆகிவிடும். காரணத்தைப் போனில் சொல்ல வழியில்லை. "அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா" என்று கேட்டு முடிப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டுவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடுதாசி.

ஆடி மாசம் பரணை ஒழித்தபோது உன் சாமான்களுக்கு நடுவே பழைய பெருங்காய டப்பா கிடைத்தது. அம்மா அதைக் காயலான் கடைக்குப் போடப் பார்த்தாள். கையில் வாங்கினால் கனம். திறந்தால் ஐ.சி., கண்டென்சர், ஒயர். மூணாவது வருஷம் படிக்கும்போது நீ செய்த ஆம்ப், ஹெட்ஃபோனுக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுப்பது. சூ மோய் என்பவர் போட்ட சர்க்யூட், ஊர் உலகத்தில் எல்லோரும் புதினா மிட்டாய் டப்பாவில்தான் அடைப்பார்கள் என்று அன்றைக்கு நீ விளக்கம் சொன்னது ஞாபகம் வந்தது. நம் வீட்டில் ஏது மிட்டாய் டப்பா? பழம்பெருமை பேசுகிறவர்களைப் பெருங்காய டப்பா என்று கேலி பண்ணுவோமே, இது நிஜமாகவே அப்படித்தான். இத்தனை வருஷம் கழித்தும் பேட்டரி மாற்றத் திறந்தால் ரச வாசனை அடிக்கிறது.

உன் பழைய போனையும் அந்தப் பெரிய ஹெட்ஃபோனையும் கூடவே எடுத்துக்கொண்டேன். சாயந்திரம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை ஹாலில் அம்மாவின் சீரியல் ராஜ்ஜியம். நான் அதே ஹாலில், அதே ஈஸிசேரில், எம்.டி. ராமநாதன் கேட்கிறேன். அந்த ஹெட்ஃபோன் 300 ஓம், லேசில் அசைந்து கொடுக்காது. போனில் நேராகச் சொருகினால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கும். டப்பாவை நடுவில் வைத்தால் மனுஷர் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் சாரீரம்தான் தெரியுமே, கீழ் ஸ்தாயியில் இறங்கினால் பக்கத்தில் தேர் நகர்கிற மாதிரி இருக்கும். அவசரமே கிடையாது. அவர் ஒரு கீர்த்தனையை முடிப்பதற்குள் சீரியலில் ரெண்டு கல்யாணம் நின்றுபோகிறது.

டப்பாவின் குணங்கள் பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. சுவிட்ச் போட்டால் 'டொப்'பென்று ஒரு அடி அடிக்கும். முதல் நாள் காதில் மாட்டிக்கொண்டு போட்டேன், பொறி கலங்கிவிட்டது. இப்போதெல்லாம் முதலில் சுவிட்ச், பிறகுதான் காது. பேட்டரி தீரப்போகிறது என்பதை லைட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, மிருதங்கம்தான் சொல்லும். பாட்டு நன்றாகவே இருக்கும். தனி ஆவர்த்தனத்தில் ஓங்கி ஒரு அடி விழும்போது மட்டும் தோல் கிழிந்த மாதிரி சத்தம் வரும். 9 வோல்ட் 6க்கு இறங்கினால் பெரிய சத்தத்துக்கு எழும்ப இடமில்லை, தலை தட்டுகிறது. நாக்கில் வைத்து டெஸ்ட் பண்ணுவேன், டெலிபோன்ஸில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். அம்மா திட்டுவாள். முதலில் 9 வோல்ட்டில் மலிவானது வாங்கிப் பார்த்தேன், வாரத்துக்கே தாங்கவில்லை. அல்கலைன் விலை கூடுதல்தான், ஆனால் கட்டுப்படியாகிறது.

இன்னொன்று, என் பட்டன் போன். அதை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால், மணி அடிப்பதற்கு ஒரு வினாடி முன்பே காதில் 'டிர்ர்... டிக டிக டிக' என்று கேட்கும். 2ஜி போன் வினாடிக்கு 217 தடவை விட்டு விட்டு அலையைத் தள்ளுகிறது, உன் ஒயர் அதைப் பிடித்துக்கொள்கிறது. போன் வரப்போகிறது என்று நான் முன்கூட்டியே சொல்வதைப் பார்த்து அம்மா ஆரம்பத்தில் அசந்துபோனாள். வருவதெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்கிற போன்தான்.

ஜாக் மட்டும் வாரா வாரம் கரகரக்கிறது. திருவல்லிக்கேணியில் கடல் காற்றுக்குப் பித்தளைக் குத்துவிளக்கே பச்சை பிடிக்கும்போது ஜாக் என்ன பாவம் பண்ணிற்று. பின்னை மை அழிக்கிற ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும். எக்ஸ்சேஞ்சில் ரிலே கான்டாக்டைத் தேய்த்துத் தேய்த்தே ஆயுசைக் கழித்தவனுக்கு இது ஒரு வேலையா.

மூடிக்குள்ளே 'அப்பா, சார்ஜர் பின்னை இதில் சொருகாதே' என்று நீ ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. அன்றைக்குக் கோபம் வந்தது, எனக்கே பாடமா என்று. இப்போதுதான் உட்கார்ந்து சர்க்யூட்டைத் தடவிப் பார்த்தேன். ஒரே 9 வோல்ட்டை ரெண்டு ரெசிஸ்டரால் நடுவே பிளந்து, அந்த நடுவைப் பூமி, அதாவது எர்த், என்று வைத்திருக்கிறாய். பொய்ப் பூமி! போனும் இதுவும் ஒரே அடாப்டரில் கரன்ட் எடுத்தால் நிஜப் பூமியும் பொய்ப் பூமியும் முட்டிக்கொள்ளும். எங்கள் எக்ஸ்சேஞ்சில் பாசிடிவைத்தான் பூமியில் இறக்குவோம், லைன் மைனஸ் 48 வோல்ட். ஒயர் அரிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. அதைப் பார்த்த புதுப் பையன்கள் தலைகீழாக இருக்கிறதே சார் என்று முழிப்பார்கள். உன் டப்பாவைப் பார்த்து நான் அப்படி முழித்தேன்.

இனிமேல்தான் விஷயம்.

புரட்டாசியில் ஒரு நாள் ராமநாதன் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்து மோனோ ரிக்கார்டிங், மனுஷர் நட்ட நடு மண்டையில் இருக்க வேண்டும். ரெண்டு காதுக்கும் ஒரே சரக்குதானே போகிறது. வால்யூம் திருகிதான் மக்கர் என்று முடிவு கட்டி ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன். வாலாஜா ரோடு வழியாக நடந்தே போனேன். அங்கே இப்போது எங்கே பார்த்தாலும் லேப்டாப்பும் கேமராவும்தான். மாடியில் ஒரு கடைக்காரர் மட்டும் டப்பா டப்பாவாகத் துழாவி, ஸ்டீரியோ 10 கே ஒன்றை எடுத்துக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் பி10கே. உன் டப்பாவில் இருந்தது ஏ. ஒரே ஒரு எழுத்துதான். ஆனால் பி லீனியர், திருப்புகிற அளவுக்கு நேராக ஏறுவது, குண்டூசி முனை அளவு திருப்பினாலே கச்சேரி காதைக் கிழிக்கிறது. காது கேட்கிற விதத்துக்கு ஏ-தான் சரி. அவசரத்துக்கு அதையே போட்டேன். ராமநாதன் வலப்பக்கத்திலேயே இருந்தார்.

ராத்திரி பதினோரு மணிக்குத்தான் அந்தப் புத்தி வந்தது. ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றி மாட்டினேன். கோளாறு டப்பாவில் என்றால் அவர் இடப்பக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அசையாமல் அதே வலப்பக்கம். ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். லைன் ஃபால்ட் என்று கம்ப்ளெயின்ட் கொடுத்துவிட்டு, கடைசியில் பழுது சந்தாதாரர் வீட்டுக் கருவியில் என்று தெரிகிற கதை. எத்தனை வீட்டில் நானே அதைச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் காது டாக்டர். பயப்படாதே, இடது காதில் குறும்பி கெட்டியாக அடைத்திருந்தது. மூன்று நாள் சொட்டு மருந்து விட்டு எடுத்தார்கள். ராமநாதன் நடுவுக்கு வந்துவிட்டார். வந்ததுதான் வந்தோம் என்று கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காது எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற ஆடியோகிராமும் எடுத்தார்கள். கோடு 4000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காகப் போய், அதற்கு மேல் ரெண்டு காதிலும் மாடிப்படி மாதிரி இறங்குகிறது. வயசுக்கு இது சகஜமாம். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. இந்த ஆம்பில் 'உஸ்'ஸென்று இரைச்சல் வருகிறது, ஐ.சி. மாற்றணும் என்று அப்போது நீ மாசக்கணக்கில் புலம்பினாய். எனக்கு ஒரு இரைச்சலும் கேட்கவில்லை. பொண்ணு சரி பண்ணிவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருகியும் முழு யோக்கியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னிரவில் சத்தத்தை ரொம்பக் குறைத்து வைத்தால் ஒரு பக்கம் சற்று முந்துகிறது, ஹெட்ஃபோனை மாற்றிப் போட்டால் அதுவும் பக்கம் மாறுகிறது. இது டப்பாவின் குணம்தான். திருகியின் அடிமட்டத்தில் ரெண்டு காதுக்கான ரெண்டு டிராக்கும் ஒன்றாக நடப்பதில்லை. நீ 11 மடங்கு பெருக்குகிறாய், அதனால் நான் எப்போதும் அந்த அடிமட்டத்திலேயே குடியிருக்க வேண்டியிருக்கிறது.

டப்பாவை முழுசாகப் பிரித்தது அப்போதுதான். தகரத்தில் எதுவும் படாமலிருக்க அடியில் நாள்காட்டித் தாளை மடித்துப் போட்டிருக்கிறாய், 2012 மார்ச். செமஸ்டர் நேரத்தில் என்ன பொம்மை வேலை என்று நான் கத்தியதும் அந்த மாசம்தான் என்று நினைக்கிறேன். போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஈயம் ஒவ்வொரு புள்ளியிலும் அளவாக, பளபளவென்று, கூம்பு மாதிரி நிற்கிறது. எங்கள் செக்‌ஷனில் இப்படி வைக்கத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஜாக்கின் இடது காலில் ஒன்று மட்டும் ட்ரை சால்டர், ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. அதைத் தவிர வேறெதையும் நான் தொடவில்லை.

இப்போது ஒரு கணக்கு. பெருக்கும் அளவைத் தீர்மானிக்கிற ஃபீட்பேக்கில் 10 கே ரெசிஸ்டர் இருக்கிற இடத்தில் 2.2 கே போட்டால், கீழே 1 கே இருப்பதால், 11 மடங்கு 3.2 ஆகிவிடும். திருகி பாதி வரை ஏறும், கோணலும் போகும். பழைய ஏ10கே-யையே திருப்பி மாட்டிவிடலாம், மாத்திரை டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. 300 ஓமுக்கு 3.2 போதுமா, இல்லை 4.7 கே போட்டு 5.7-ல் நிறுத்தவா? ரெண்டு மதிப்பிலும் ஒரு ஜோடி மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் வாங்கி வைத்திருக்கிறேன். நீ பார்த்துச் சொன்ன பிறகுதான் அயர்னைச் சூடு பண்ணுவேன். சர்க்யூட் உன்னுடையது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: குறும்பி எடுத்தது அம்மாவுக்குத் தெரியும். அந்த மாடிப்படி தெரியாது. தெரிந்தால் சீரியல் வால்யூமை இன்னும் ரெண்டு புள்ளி ஏற்றிவிடுவாள்.